பதினேழாவது மூட்டை

சர்வின்,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்து நீ இரண்டு முறை திரும்ப அழைத்தாய். லைன் போகவில்லை. கோபம் என்று வைத்துக்கொள். பெரும்பகுதி கோபம்தான். அது யார் மேல் என்று பிரித்துப் பார்க்க மூன்று நாள் பிடித்தது.

நீ சொன்னது இது: "ம்மா, இண்டெக்ஸ்ல இல்லன்னா இல்ல, அவ்ளோதான் லா. மிச்சம் எல்லாம் குப்ப. வெள்ளிக்கெழம சாயந்தரம் டிஸ்க்க எல்லாம் அழிச்சிட்டு நான் கல்யாண லீவு போட்டுடுவேன்." முதல் வாக்கியம் உன்னுடைய கண்டுபிடிப்பு என்று நினைக்காதே. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், இப்போது நீ வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில், ஏறக்குறைய அதே சொற்களில் நான் அதைச் சொன்னேன். நீ குப்பை என்று சொல்லும் அந்தப் படச் சேமிப்பை வடிவமைத்தவள் நான். அதில் பூட்டுப் போட்டுக் கிடக்கும் பதினேழாவது வால்யூம் என்ற கோப்புக்குள், நம் பழைய பக்கத்து வீட்டு புஷ்பா அத்தையின் நல்ல பெயர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ அதை அழித்துவிட்டால், அவள் பொய் சொல்லவில்லை என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி மிஞ்சாது. என் வாய் இத்தனை ஆண்டுகளாக எப்படி நடந்துகொண்டது என்பதைக் கீழே படி.

நான் அங்கே வேலை செய்தது உனக்குத் தெரியும். 'கம்ப்யூட்டர் செக்‌ஷன்' என்ற அளவில் தெரியும். அம்மா அங்கே என்னதான் செய்தாள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலேயே அதே துறையில் பட்டம் வாங்கி, ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, பழைய சோதனைப் படங்களைப் புதிய தரவு மையத்துக்கு மாற்றிக் கொடுக்க அதே தொழிற்சாலைக்குப் போய் நின்றாய். நானும் சொல்லவில்லை. நம் வீட்டில் பேசாமலிருப்பதை மரியாதை என்று நினைத்துக்கொள்வோம்.

இதை நீ மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை. ஒரு பிரதி புஷ்பாவுக்கு, ஒரு பிரதி தொழிற்சாலையின் இன்றைய மேலாளருக்கு. கேண்டீன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதித்தால் அங்கேயும் ஒன்று. அவள் மேல் பழி சொன்னது எல்லார் காதும் கேட்க. அதை மறுப்பது உன் காதில் மட்டும் என்றால் அது மறுப்பு ஆகாது. புஷ்பா தமிழ்ப்பள்ளியில் படித்தவள், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். வேலை நுணுக்கத்தையும் அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதியாக வேண்டும். ஆகவே, தெரிந்ததையே எனக்குச் சொல்கிறாளே என்று உதட்டைப் பிதுக்காதே. நீ உதட்டைப் பிதுக்குவது தொலைபேசியிலேயே எனக்குக் கேட்கும்.

உன் கல்யாண விருந்தினர் பட்டியலிலிருந்துதான் இது கிளம்பியது. அந்தப் பட்டியலை உன் கைப்பேசியில் இருக்கும் எண்களிலிருந்து எடுத்ததாகப் பெருமையாகச் சொன்னாய். ஐந்து நிமிட வேலையாம். நான் முழுவதையும் படித்துப் பார்த்தேன். பெர்மாஸ் ஜெயாவில் நீ பார்த்திருக்கும் வீட்டுக்குக் குழாய் மாட்ட வந்தவர் இருக்கிறார். புஷ்பா இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் கான்வாஸ் பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூசி, நம் தம்போய் பிளாட்டின் மாடிப்படியில் வெயில் பார்த்துக் காய வைத்தவள். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, நான் வேலையிலிருந்து திரும்பும்வரை உனக்குச் சோறு போட்டவள். கேட்டால், "அத்த நம்பர மாத்திட்டாங்க போல ம்மா, லிஸ்ட்ல வரல. நீங்களே போயி கார்டு குடுத்துருங்க," என்றாய். உன்னைத் திட்ட வாயெடுத்தேன். திட்டுகிற தகுதி எனக்கு உண்டா என்ற சந்தேகத்தில் வாயை மூடிக்கொண்டு, சனிக்கிழமை தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், கார்டு வைத்து எடுத்துக்கொண்டு தனியாக அவள் இப்போது இருக்கும் பாலோவுக்குப் போனேன்.

அவள் அங்கே தன் அண்ணன் வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுக்காமலேயே சத்தம் போட்டாள். "வாங்கக்கா! சர்வின் அப்பா வரலியா? தட்டோட வரீங்க... நம்ம சர்வினுக்கா? அலமாக்! நேத்துத்தான் சப்பாத்துக்கு வெள்ள அடிச்ச மாரி இருக்கு." பிறகு என் பிளவுஸ் யார் தைக்கிறார்கள் என்று கேட்டாள். கடையில் கொடுத்துவிட்டேன் என்றேன். "கடையிலயா? இங்க ஒருத்தி மெஷின் போட்டு ஒக்காந்திருக்கேன், கடைக்குப் போறாங்களாம். ரொம்பப் பெரிய ஆளாயிட்டீங்கக்கா." கோப்பி கலக்கிக் கொடுத்தாள். கார்டை இரண்டு முறை படித்தாள். அப்புறம் ஒரு ஜாக்கெட்டின் கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"தம்பி இப்ப நம்ம பழைய ஃபேக்டரி வேலதான் பாக்குறானாமே?"

"ஆமா."

"அங்க பழைய படமெல்லாம் இன்னும் இருக்குமாக்கா?"

நான் கோப்பியைக் குடித்தேன். சூடாக இருந்தது. அப்படியும் குடித்தேன்.

"சும்மாதான் கேட்டேன். நான் ஒவ்வொரு போர்டையும் கேமராக்குக் கீழ வெச்சேன்க்கா. ஒண்ணு விடல."

"கேட்டுப் பாக்குறேன்," என்றேன். எனக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். திரும்பும் வழியில் குளுவாங் ஊரைத் தாண்டும்வரை காரில் ஏர்கான் போடாததைக்கூட நான் கவனிக்கவில்லை. மறுநாள் உன்னிடம், ஏதோ பொது அறிவுக்குக் கேட்பதுபோல, பழைய படங்களை எப்படி மாற்றுகிறாய் என்று கேட்டேன். அதற்குத்தான் நீ அந்தக் குப்பைப் பதிலைச் சொன்னாய்.

இப்போது புஷ்பாவுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். தொழிற்சாலையில் செய்தது மின்சுற்றுப் பலகை. போர்டு என்றே எல்லாரும் சொல்வோம். ஒவ்வொரு போர்டும் உற்பத்தி லைனில் பல நிலையங்களில் கேமராவுக்குக் கீழே போகும், ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு படம். படம் மிகச் சிறியது. எண்ணிக்கைதான் பயங்கரம். நான் சேர்ந்தபோது ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் கோப்பாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஓர் அரிசிமணிக்கு ஒரு டப்பா, டப்பாவின் மேல் பெயர், தேதி, யாருக்குச் சொந்தம், யார் திறக்கலாம் என்று ஒரு சீட்டு, அப்படி. டப்பாவும் சீட்டும் அரிசியைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு படத்தை எடுக்க வேண்டுமென்றால் வட்டு, அதாவது டிஸ்க், முதலில் பட்டியலைத் தேடி ஓடும், பிறகு சீட்டைத் தேடி ஓடும், கடைசியில்தான் படத்துக்கு வரும். பாதுகாப்புக்காக மூன்று இயந்திரங்களில் மூன்று பிரதிகள் வைத்திருந்ததால் இந்தக் கூத்தும் மும்மடங்கு. ஒருமுறை ஓர் இயந்திரம் படுத்துவிட்டது. மற்ற இரண்டிலிருந்தும் டப்பா டப்பாவாக நகலெடுத்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மொத்தமாக இருந்திருந்தால் அதே பாரத்தை ஒரே பகலில் நகர்த்தியிருக்கலாம். அந்த வாரம் முழுவதும், இன்னொன்றும் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மேலாளர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நானா வாங்கி வைத்தேன் அந்த இயந்திரங்களை?

ஆகவே நான் எல்லாவற்றையும் மாற்றினேன். டப்பாக்களை எறிந்துவிட்டு மூட்டை கட்டினேன். நீ வால்யூம் என்பாய், நான் மூட்டை என்றே எழுதுகிறேன். ஒரு பெரிய கோப்பு. வரும் படங்களை வந்த வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக அதன் வாலில் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். எந்தப் படம் எந்த மூட்டையில், எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை மட்டும் ஓர் அட்டவணையில் வைத்தேன், நீ இண்டெக்ஸ் என்பது அதைத்தான். அட்டவணை சின்னது என்பதால் நினைவகத்திலேயே இருக்கும். தேடினால் வட்டு ஒரே ஒரு முறை அசைந்தால் போதும். மூன்று பிரதி எடுப்பதும் மூட்டை மூட்டையாகத்தான். தேவையில்லாத படத்தை அட்டவணையில் அடித்துவிட வேண்டும். மூட்டையில் அடித்தவை பெருகும்போது, அட்டவணையில் உள்ளவற்றை மட்டும் புது மூட்டைக்கு மாற்றிவிட்டுப் பழையதைத் தூக்கியெறியலாம், அதைச் சுத்தம் செய்வது என்போம். நீ கட்டும் புதிய சேமிப்பு மூட்டையைத் துண்டுகளாக வெட்டி, கூடுதலாகச் சில ஈடுகட்டும் துண்டுகளும் சேர்த்துப் பல இயந்திரங்களில் பரப்பி வைக்கிறதாம். ஓரிரண்டு துண்டு போனாலும் மீட்டுக்கொள்ளலாம், மூன்று முழுப் பிரதி தேவையில்லை. நல்லது. அரிசிமணியை அப்படி வெட்ட முடியாது. மூட்டையாக இருப்பதால்தான் உன்னால் வெட்ட முடிகிறது என்பதையாவது ஞாபகத்தில் வை. எந்த மேதாவி இப்படிக் கட்டினானோ என்று போன மாதம் சாப்பாட்டு மேசையில் கிண்டல் செய்தாயே.

ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். மூட்டைக்குள் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஒரு சிறு தலைப்பு வைத்தேன்: போர்டின் எண், நேரம், எந்த நிலையம், படத்தின் நீளம். அட்டவணையில் இருப்பதை மறுபடி ஏன் எழுதி இடத்தை வீணாக்குகிறாய் என்று மேலாளர் கேட்டார். அட்டவணை போய்விட்டால் மூட்டையைப் படித்தே புது அட்டவணை கட்டலாம் என்றேன். தலைப்பு இங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்ள முதலில் நான்கு எழுத்து அடையாளம் வேண்டும். எஸ், ஆர், வி, என். இரண்டு மாதமாக நீ அந்த நான்கு எழுத்துகளைத் தினமும் பார்த்திருப்பாய். சர்வர் என்பதன் சுருக்கம் என்று நினைத்திருப்பாய். உன் பெயர்டா அது.

புஷ்பா இருந்தது லைனின் கடைசி நிலையத்தில். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி மூட்டை, அவளுடையது பதினேழு. போர்டை ஒரு கையால் பிடித்துக் கேமராவுக்குக் கீழே காட்டுவாள். கையுறையோடு போர்டு வழுக்குகிறது என்று வலது கட்டைவிரல் நுனியை மட்டும் வெட்டிவிட்டிருந்தாள். சூப்பர்வைசரிடம் அதற்காக வாங்காத திட்டு இல்லை. அவள் எடுத்த ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அந்த விரல் தெரியும். காலையில் உனக்கும் சேர்த்துக் குழம்பு வைத்துவிட்டு வருகிறவள், நகத்தில் மஞ்சள் ஏறியிருக்கும். நான்தான் ஒவ்வொரு பைட்டையும் எண்ணுகிறவள் ஆயிற்றே, ஒருநாள் லைனுக்கே போய்ச் சொன்னேன்.

"புஷ்பா, படத்துல உன் வெரல் வருது. அதுவும் எடம் புடிக்குது, தெரியுமா?"

"வெரல் இல்லாம போர்டு தானா நிக்குமாக்கா? நீங்க வேணா போர்டுகிட்ட சொல்லிப் பாருங்க, கேக்குதான்னு."

லைனே சிரித்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. படித்தவளுக்கு இப்படிப் பதில் சொல்லலாமா என்று உள்ளுக்குள் ஒரு முள். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பின்னால் நடந்ததில் அந்த முள்ளுக்கும் பங்கு உண்டு.

நீ ஆறாம் வகுப்பில் யூபிஎஸ்ஆர் தேர்வு எழுதிய ஆண்டு, ஒரு மத்தியானம் இடி மழையில் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. பதினேழாவது மூட்டையைக் கவனித்துக்கொண்டிருந்த இயந்திரம் தானாக நின்று தானாக எழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகத்தில் இருந்த அட்டவணை ஷிஃப்ட் முடியும்போதுதான் வட்டில் எழுதப்படும், அப்படித்தான் நான் வைத்திருந்தேன். எழுந்த இயந்திரம் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் எழுதி வைத்த அட்டவணையை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த படங்கள் மூட்டையில் இருந்தன, அட்டவணையில் இல்லை. எழுந்தவுடன் மூட்டையின் வாலைப் படித்து விட்டுப்போனவற்றைச் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியை நான் எழுதியிருக்கவில்லை. அப்புறம் எழுதலாம் என்று விட்டிருந்தேன். தலைப்பு வேண்டும் என்று அத்தனை பேரோடு சண்டை போட்டவள், அந்தத் தலைப்பைப் படிக்கிற நிரலை எழுதாமல் விட்டேன். இப்படி ஒரு முட்டாள்தனத்தை உன்னைப் போன்றவர்களும் என்னைப் போன்றவர்களும்தான் செய்வோம். புதுப் படங்களை மூட்டையின் உண்மையான முடிவில் ஒட்ட வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தேன். அதனால் பழையவற்றின் மேல் எதுவும் எழுதப்படவில்லை.

சில வாரங்கள் கழித்து, அன்று காலை செய்த போர்டுகள் சில பழுது என்று திரும்பி வந்தன. படங்களைத் தேடினார்கள். முந்தைய நிலையங்களின் படங்கள் எல்லாம் கிடைத்தன. கடைசி நிலையத்துப் படம் ஒன்றுகூட இல்லை. புஷ்பா கேமராவில் காட்டாமலேயே போர்டுகளைத் தள்ளிவிட்டாள் என்று முடிவு செய்தார்கள். சாப்பாட்டு நேரத்தில், கேண்டீனில், தட்டுகளோடு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சூப்பர்வைசர் அதைக் கேட்டார். அவள் எழுந்து நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க செஞ்ச சிஸ்டம்தான அது? நல்லாப் பாருங்க. என் படம் இருக்கும். நான் வெச்சேன்க்கா."

"பாத்துட்டேன் புஷ்பா. இண்டெக்ஸ்ல இல்ல."

"இண்டெக்ஸ்ல இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. அவ்ளோதான்."

எல்லாரும் கேட்டார்கள். பட்டம் பெற்றவள் சொன்னால் கம்ப்யூட்டரே சொன்ன மாதிரி. எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண் சத்தியம் பண்ணினால் அது சத்தம் மட்டும்தான். மறுநாள் மலாயில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவளை அனுப்பினார்கள். வெட்டிய கையுறையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஓர் ஆண்டுக்கு மேல் பொழுது விடியுமுன் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்தாள். அப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் உன் சப்பாத்து மாடிப்படியில் காய்ந்தது. அப்புறம் பிளாட்டைக் காலி செய்துவிட்டுப் பாலோவுக்குப் போனாள். அவள் போனதைப் பற்றி நீ கேட்டபோது, அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவள் அண்ணனுக்கு ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது தெரியாமல் செய்த தவறு. இனிச் சொல்லப்போவதைத் தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவள் பிளாட்டைக் காலி செய்வதற்கு முன்பே, அந்த விட்டுப்போன நிரலை ஒருவழியாக எழுதினேன். சோதித்துப் பார்க்கப் பதினேழாவது மூட்டையை எடுத்தேன். ஏன் அதையே எடுத்தேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாமல்தான் எடுத்தேன். நிரல் தலையிலிருந்து படித்துக்கொண்டே போய், அட்டவணையில் இல்லாத படங்களைத் திரையில் கொட்டியது. போர்டு, போர்டு, போர்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் நகம். எத்தனை பார்த்தேன் என்று எண்ணவில்லை. பிறகு நிரலை நிறுத்தினேன். கண்டெடுத்த வரிகளை அட்டவணையில் சேர்த்திருந்தால் மறுநாள் அறிக்கையில் வந்திருக்கும், யாராவது கேட்டிருப்பார்கள். சேர்க்கவில்லை. மற்ற எல்லா மூட்டைகளுக்கும் அந்த நிரலை ஓட்டினேன், பதினேழைத் தவிர. அதைச் சுத்தம் செய்யவே கூடாது என்று ஒரு பூட்டைப் போட்டேன், மூன்று பிரதிகளிலும். சுத்தம் செய்தால் அட்டவணையில் இல்லாதவை போய்விடுமே. அவளுக்காகப் பாதுகாக்கிறேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவளுக்குத் தெரியாத பாதுகாப்பு அவளுக்கு எதற்கு? அவளுக்கு சிங்கப்பூரில் நல்ல சம்பளம், எதற்குக் கிளற வேண்டும் என்றேன். அப்போது எனக்குப் பதவி உயர்வுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தப் பூட்டைத்தான் நீ போன மாதம் கண்டுபிடித்துவிட்டு வந்து கத்தினாய். "பதினேழாவது வால்யூம்ல எவனோ பூட்டு போட்டு வெச்சிருக்கான் ம்மா, மூணு காப்பிலயும். ஏன்னு ஒரு வரி கமெண்ட் கூட இல்ல. எந்த முட்டாப்பயலோ!" நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "பொம்பளயாக்கூட இருக்கலாம்," என்றேன். "யாரா இருந்தா என்ன, வேலைக்கு ஆவாத ஆளு," என்றாய். சரியாகத்தான் சொன்னாய். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே! காரணம் எழுதாத பூட்டைப் பார்த்தால் ஏன் என்று தோன்ற வேண்டாமா? உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டாமா? வேகம், வேகம், வேகம். அட்டவணையை எடு, இருப்பதை நகலெடு, மிச்சத்தை அழி. இந்த அவசரம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று யோசிக்கும்போதுதான் உன் மேல் வந்த கோபம் பாதியில் திரும்பி என் மேலேயே விழுகிறது.

இப்போது கல்லூரியில் இதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். பருவத்துக்கு ஒரு முறை, அட்டவணையை மட்டும் நம்பாதே என்று சொல்லி, 'ஒரு தொழிற்சாலையில் ஒரு பொறியாளர்' என்று இந்தக் கதையைச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பொறியாளருக்கு நான் பெயர் வைத்ததில்லை. இனி வைப்பேன்.

கல்யாணத்துக்கு முன் அம்மா அறிவுரை சொல்வாள் என்று எதிர்பார்ப்பாய். மூட்டையையும் அட்டவணையையும் இல்லறத்துக்கு உவமையாக்க என்னால் ஆகாது. மண்டபத்தில் மைக் கிடைத்தால் அதைச் செய்ய உன் மாமாக்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உன் மனைவி உன்னிடம் ஒரு விஷயத்தை, நான் செய்தேன், நன்றாகப் பார் என்று சொன்னால், நீ ஏற்கெனவே பார்த்த இடத்தையே மறுபடி பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லாதே. அவள் நன்றாகப் பார் என்பது நீ பார்க்காத இடத்தை.

வேலைக்கு வருவோம். வெள்ளிக்கிழமைக்குள் இதைச் செய். பதினேழின் மூன்று பிரதிகளில் எது சேதமில்லாமல் இருக்கிறதோ அதை எடு. அட்டவணையைத் தொடாதே. தலையிலிருந்து தொடங்கி உன் பெயரின் நான்கு எழுத்துகளைத் தேடு. தலைப்பைப் படி, நீளத்தை எடு, படத்தை வெளியே வை, அடுத்ததற்குப் போ. நடுவில் எங்காவது கெட்டிருந்தால் நின்றுவிடாதே, அடுத்த நான்கு எழுத்து வரும்வரை நகர்ந்து அங்கிருந்து தொடங்கு. இடி மழைக்கு முன்னால் வந்த, அட்டவணையில் இல்லாத படங்களைப் புதிய சேமிப்பில் மற்ற படங்களைப் போலவே சேர்த்துவிடு, தேடினால் கிடைக்கிற மாதிரி. உன் மேலதிகாரி நேரமில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஒப்புக்கொள்ளாவிட்டால் தொழிற்சாலை மேலாளரே அந்தப் படங்களைக் காட்டச் சொல்வார். அவருக்கு இன்று மாலையே அனுப்புகிறேன். என் முழுப் பெயரும் அதில் இருக்கும்.

உன் அப்பாவிடமே நேற்றுத்தான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து தட்டைக் கழுவி வைத்தார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு, "கார்ல எண்ண ஊத்தணும். எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாளை காலை பாலோவுக்குப் போகிறோம். முதலில், நீ படத்தைக் கண்டெடுத்த பிறகு போகலாம் என்றுதான் நினைத்தேன். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று. அதுவும் அதே பழைய புத்திதான் என்று பிறகு உறைத்தது. அவள் சொன்னது உண்மை என்று சொல்வதற்கு இப்போதும் எனக்கு ஒரு படம் தேவைப்படுகிறது பார். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். வெளியே போகச் சொன்னால் வெளியே நிற்பேன். உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னால் அதற்கு அவளை யாரும் சமாதானம் செய்யக் கூடாது, நீயும்தான்.

வேலை முடிந்ததும் நீயும் அங்கே வா. வரும்போது ஒரே ஒரு படத்தை அச்செடுத்துக்கொண்டு வா, எதுவாக இருந்தாலும் சரி. அச்செடுக்கிறவன் போர்டு மட்டும் அழகாகத் தெரியட்டும் என்று ஓரத்தை வெட்டப் பார்ப்பான், நீயும் தலையாட்டுவாய். வெட்டவிடாதே. ஓரத்தில் ஒரு விரல் இருக்கும்.

அம்மா